ஊர் இறங்குதளத்தைத் தனியாரோட சேர்ந்து கட்டப் போறாங்களாம்: கூட்டத்துல என்ன கேக்கணும்?

கடியல்காற்று (கேள்வி கேட்டவர்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்க ஊரு முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவுல. நாகர்கோவில்ல ஒரு ஜவுளிக்கடையில கணக்கெழுதுறேன். அப்பா வள்ளத்துல போனவர், இப்ப முட்டு வலியில வீட்டோட இருக்கார். அம்மை முப்பது வருசமா மீன் விக்கிறா.

போன வாரம் எங்க ஊர்க் கமிட்டி கூட்டத்துல ஒரு ஃப்ளெக்ஸ் விரிச்சுக் காட்டினாங்க. இப்ப இருக்கிற மீன் இறங்குதளத்தைப் பெரிசாக்கி ரெண்டு பக்கமும் அலைத்தடுப்புச் சுவர், ஐஸ் பிளாண்ட், குளிர்பதனக் கிடங்கு, ஏலக்கூடம், அதை ஒட்டி சுற்றுலாப் படகுத்துறை, ஒரு ஓட்டல். அரசும் தனியாரும் சேர்ந்து செய்யுற 'பி.பி.பி.' திட்டம்னு சொன்னாங்க. 30 வருசம் கம்பெனி நடத்தும், அதுக்கப்புறம் அரசு கைக்கு வந்துரும்னாங்க. வந்தவர் மரியாதையாத்தான் பேசினார். கேள்வி கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொன்னார். ஆனா எங்களுக்குத்தான் என்ன கேக்கணும்னே தெரியல.

அந்த ஃப்ளெக்ஸை போன்ல படம் எடுத்து வீட்டுல வந்து பெரிசாக்கிப் பாத்தேன். தென்னை மரம் வரைஞ்சிருக்காங்க. கார் நிக்குது, பிள்ளைங்க பலூன் வச்சிருக்கு. ஏலக்கூடத்துக்குள்ள வெள்ளைத் தொப்பி போட்ட நாலு பேரு நிக்கிறாங்க. சருவத்தோட (மீன் சுமக்குற பாத்திரம்) ஒரு பொம்பளை அதுல இல்ல. அம்மை கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நான் எங்க இருப்பேன்?"ன்னு கேட்டா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

அம்மை காலையில நாலு மணிக்கு எந்திச்சுப் போவா. மூணு பேரு சேர்ந்து நெத்திலியோ சாளையோ ஒரு கூறு ஏலத்துல எடுப்பாங்க. கையில காசு இருக்காது. ஏலக்காரர் முகத்தைப் பாத்துக் கொடுப்பார், சாயங்காலம் வித்துட்டு வந்து கணக்குத் தீப்பாங்க. வலை பின்னும் கூடத்துக்கு மேற்கால, வேப்பமரத்து நிழல்ல உக்காந்து பிரிச்சு, ஐஸ் போட்டு, பஸ்ஸுக்கு ஓடுவாங்க. முப்பது வருசமா அதே மண்ணு.

எனக்கு பயம் வர ஒரு காரணம் இருக்கு. ஜூன், ஜூலையில இங்க மேற்குக் கடல்ல விசைப்படகுக்குத் தடை. கிழக்க ஜூன் 15-ல இருந்து கடலுக்குப் போவாங்க. ஒரு வருசம் அந்த நேரத்துல அம்மையும் நாலஞ்சு பேரும் வேன் பிடிச்சு வேற மாவட்டத்துல ஒரு துறைமுகத்துக்குப் போனாங்க. பேரு இங்க எழுதல. வாசல்ல சருவத்துக்கு இவ்வளவுன்னு வாங்கினாங்க. ரசீதுல ரேட்டு அச்சடிக்கல, பேனாவால எழுதிக் கொடுத்தாங்க. அடுத்த வாரம் போனா அதே சருவத்துக்கு வேற ரேட்டு. கேட்டதுக்கு, "இஷ்டம்னா உள்ள வா"ன்னு பதில். அன்னைக்கு வேன் கூலி, வாசல் காசு, ஐஸ் எல்லாம் கழிச்சு அம்மை கையில நின்னது நூத்திப் பத்து ரூவா. அந்த ரசீது ரெண்டும் இன்னும் பைபிளுக்குள்ள வச்சிருக்கா.

நான் திட்டத்தை எதிர்க்கிறவ இல்ல. ஆனி, ஆடியில அலை ஏறினா எங்க ஊரு வள்ளத்தைக் கரையில ஏத்த முடியாது. மீன் குளச்சல்லயோ முட்டத்துலயோ இறங்கி, ஆட்டோ ஏறி ஊருக்கு வரும். துறைமுகம் வேணும். வேணும்னு கை தூக்கவும் பயமா இருக்கு, வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சு மறுபடி கூட்டம். அஞ்சு நிமிசம் பேச விடுவாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய பொறியாளர், நாகர்கோவில்

அன்புத் தங்கைக்கு, துறைமுகக் கட்டுமானப் பணியில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அதை ஒப்பந்தத்தின் மொழியில் எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்கிறேன்.

அரசு–தனியார் கூட்டு என்பது ஒரே அச்சில் வார்த்த பொருள் அல்ல. யார் எதற்குப் பணம் போடுகிறார்கள், நட்டம் வந்தால் யார் தலையில் விழும், இந்த இரண்டும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் இருக்கிறது. 2015 ஆகஸ்ட் 17-இல் கேரள அரசு தனியார் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் 40 ஆண்டுக்கு. மேலும் 20 ஆண்டு நீட்டிக்க அதில் வழி உண்டு. கடலுக்குள் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் போகும் அலைத்தடுப்புச் சுவரின் செலவு அரசுடையது. வருமானத்தில் அரசின் பங்கு 15-ஆவது ஆண்டில் 1 சதவீதமாகத் தொடங்கி ஆண்டுக்கு ஒன்றாக ஏறும் என்று எழுதினார்கள். வழக்கமான 30 ஆண்டை 40 ஆக்கியது நிறுவனத்துக்கே அனுகூலம் என்று மத்திய தணிக்கை அறிக்கை 2017-இல் குறை சொன்னது. துறைமுகம் 2025 மே 2-இல் முறைப்படி திறக்கப்பட்டது, பெரிய கப்பல்கள் வருகின்றன. வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2022-இல் அந்தக் கரை மீனவர்கள் நான்கு மாதத்துக்கு மேல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கடலரிப்பில் வீடிழந்தவர்களின் மறுவாழ்வும் அவர்களுடைய கோரிக்கையில் ஒன்று. ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்திட்டது, நிறுவனம் கையெழுத்திட்டது. கரையில் இருந்தவர்களுக்கு அதில் இடம் இல்லை.

உங்கள் ஊருக்கும் அதே நிலைமைதான். இரண்டு தரப்பு கையெழுத்திடும், ஊர் மூன்றாம் நபர். கூட்டத்தில் வாயால் சொன்னது எதுவும் நாளை செல்லாது, ஒப்பந்தத்திலும் அதனுடன் இணைக்கும் அட்டவணையிலும் ஏறியதுதான் செல்லும். அதனால் எந்த வாக்குறுதி கொடுத்தாலும் "இது எந்த அட்டவணையில் வரும்?" என்று கேளுங்கள்.

அடுத்தது வருமானம். விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே 18 முதல் 20 மீட்டர் ஆழம், பக்கத்திலேயே சர்வதேசக் கப்பல் பாதை. சம்பாதிக்க வழி இருக்கிறது. உங்கள் ஊரில் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து? மீன் இறக்கும் கட்டணம், ஐஸ், டீசல், வண்டி நிறுத்தம், ஏலக்கூட வாடகை, பிறகு ஓட்டலும் சுற்றுலாப் படகும். வங்கிக் கடன் தவணை மாதாமாதம் வரும், மீன் மாதாமாதம் வராது. 61 நாள் தடைக்காலம் இருக்கிறது, ஆடிக் கடல் இருக்கிறது. மீன் குறைந்த ஆண்டில் தவணையை எதைக் கொண்டு கட்டுவார்கள்? கட்டணத்தை ஏற்றுவார்கள், அல்லது ஓட்டல் பக்கம் இடத்தை விரிப்பார்கள். ஆகவே கட்டணத்தை நிர்ணயிப்பது யார், எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை எவ்வளவு ஏற்றலாம், சருவம் தலையில் வரும் பெண்ணுக்குக் கட்டணம் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் கேளுங்கள். அம்மா பத்திரமாக வைத்திருக்கும் இரண்டு ரசீதையும் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நம் கரையில் மணல் சும்மா இருக்காது, காற்றுக் காலத்துக்கு ஏற்றபடி கரையோரமாக நடந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் கல் சுவர் நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். கொஞ்ச நாளில் படகு நுழையும் வாய்ப் பகுதியில் மணல் மேடு கட்டும். கட்டி முடித்த அன்று ஆழம் எல்லாத் துறைமுகத்திலும் நன்றாகத்தான் இருக்கும். ஐந்தாவது ஆண்டில் தூர்வாருவது யார்? ஒப்பந்தத்தில் "தேவைப்படும்போது பராமரிக்கப்படும்" என்று மட்டும் இருந்தால் அது யாரையும் கட்டாது. நுழைவாயிலில் குறைந்தபட்ச ஆழம் இத்தனை மீட்டர் என்று ஒரு எண் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை யார் அளப்பது, அளவு குறைந்தால் எத்தனை நாளில் தூர்வார வேண்டும், தூர்வாராவிட்டால் நாளொன்றுக்கு எவ்வளவு அபராதம் என்பதும் வேண்டும். அந்த எண் எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு நான் ஊர்க்காரனாக இருந்தால் கை தூக்க மாட்டேன். பக்கத்து ஊர்களில் எத்தனை வீடு அரிப்பில் போகலாம், அங்கே தூண்டில் வளைவு (அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் சுவர்) போடுவது யார் செலவு என்பதும் இதோடு சேர்ந்த கேள்வியே.

முட்டத்தில் தனியார் முதலீட்டில் கட்டிய மீன்பிடித் துறைமுகம் உங்களுக்கு நடந்து போகிற தூரம் மாதிரி. கூட்டத்துக்கு முன்னால் நான்கு பெண்களும் நான்கு படகுக்காரர்களும் ஒரு விடியற்காலை அங்கே போய் நின்று பாருங்கள். என்னென்ன கட்டணம், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். நல்லதையும் எழுதுங்கள்.

---

தங்கல்காரன்

மோளே, நான் தூத்தூர் பக்கம். தங்கல் தொழில், போனா இருபது நாளு, முப்பது நாளு கடல்லதான். பொறியாளர் சார் ஆழத்தைப் பத்தி சொன்னாரு, அதை நான் கண்ணால கண்டதைச் சொல்லுதேன்.

ஆழ்கடல்ல எனக்குப் பயம் கிடையாது. பயம் எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ற அந்தக் கடைசி இருநூறு மீட்டர்லதான். வாய்க்கு வெளிய நிறுத்தி அலையைப் பாப்போம். பெரிய அலை மூணு நாலு சேந்து வரும், அது போனா கொஞ்சம் அடங்கும். அந்த அடக்கத்துல ஒரே மூச்சா உள்ள ஏறணும். மேடு கட்டிக் கிடந்தா அலை அங்கதான் மடங்கும். பின்னால தூக்கும், மூக்கு தரையில குத்தும், படகு குறுக்க திரும்பும். அப்புறம் கல்லுதான். எங்கண்ணன் மகன் அப்படித்தான் போனான், 24 வயசு. கரையில நின்ன அவனுக்க அம்மைக்கு படகு பேரு வாசிக்கிற தூரம். எந்தத் துறைமுகம்னு எழுதல. மூணு மாசத்துக்கு முந்தியே ஊர்ல இருந்து மனு கொடுத்திருந்தோம், வாய் அடைக்குதுன்னு. தூர்வார ஆள் வந்தது அடக்கம் முடிஞ்ச பிறகு.

அதனால மோளே, சுவரு எந்தக் கோணத்துல போகுது, வாய் எந்தத் திசையைப் பாக்குதுன்னு கேளு. படம் வரையறதுக்கு முன்னாடி தினமும் அந்தக் கடல்ல ஏறி இறங்குற ஆளுங்களைக் கூட்டி வச்சுக் கேட்டீங்களான்னு கேளு. ஆடி மாசத்துல அலை எங்க மடங்கும்னு உங்கப்பாவுக்குத் தெரியும். முட்டு வலிச்சாலும் அவரைக் கூட்டத்துக்குக் கொண்டு போ.

இன்னொண்ணு, கல்லு. விழிஞ்ஞத்துச் சுவருக்கு நம்ம மாவட்டத்து மலையை உடைச்சுத்தான் கல்லு போச்சு. டாரஸ் லாரி ராப்பகலா ஓடினதை மார்த்தாண்டத்துல, களியக்காவிளையில நின்னு பாத்தவங்க நாம. உங்க சுவருக்கு எந்தக் குவாரி, எந்த ரோடு, அதையும் கேளு.

2017 நவம்பர் கடைசியில ஒக்கி வந்தப்போ எங்க எட்டு ஊர்லயும் போன உயிர் நிறைய. அந்த மாதிரி ஒரு புயல் சுவரைப் பேத்துட்டுப் போனா கம்பெனி கட்டுமா, அரசு கட்டுமா? அது ஒப்பந்தத்துல இருக்கான்னு பாக்கணும்.

---

பழைய பொறியாளர், நாகர்கோவில்

தம்பி, உங்கள் அண்ணன் வீட்டாருக்கு என் ஆழ்ந்த வருத்தம். நான் வேலையில் இருந்த காலத்தில் வரைபடம் போடும் முன் கடற்கரையில் போய் உட்கார்ந்து கேட்டது மிகக் குறைவு. அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

புயல் பற்றிக் கேட்டீர்கள். எல்லா ஒப்பந்தத்திலும் இயற்கைச் சீற்றத்துக்கு ஒரு ஷரத்து இருக்கும். பெரும்பாலும் அது அந்த நாட்களுக்குக் கம்பெனியைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும். இன்சூரன்ஸ் எடுக்க வேண்டியது யார், அந்தப் பணம் வந்ததும் முதலில் சுவரைச் சரிசெய்யச் செலவாகுமா, அல்லது வங்கிக் கடனுக்குப் போய்விடுமா என்று கேட்க வேண்டும்.

---

குளச்சல் ஐஸ்பெட்டி

எல்லாரும் பயமுறுத்துற மாதிரியே எழுதுறீங்க, எனக்குத் தெரிஞ்சதையும் சொல்றேன். நான் மீன் வாங்கி வெளியூர் அனுப்புறவன், பதினெட்டு வருசமா. ஐஸ் இல்லாம எத்தனை பெட்டி சூரை, எத்தனை பெட்டி கணவாய் ரேட்டு போய் கொடுத்திருக்கோம் தெரியுமா? விடியக் காலம பிடிச்ச மீனு பத்து மணி வெயில்ல தார்ப்பாய்க்கு அடியில கிடக்கும். சதை இளகின மீனை எக்ஸ்போர்ட்காரன் தொட மாட்டான், அது கோழித்தீவன ரேட்டுக்குப் போகும். பிடிச்சவனுக்குத்தான் நட்டம். அரசு இறங்குதளத்துல ஒரு லைட் எரியலன்னா மாத்த எத்தனை மாசம் ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். காசு போட்டவன் இருந்தா ஐஸ் பிளாண்ட் நிக்காது, நின்னா அவனுக்கு நட்டம். அதனால தனியார் வரட்டும்.

ஆனா ஐஸை அவன்கிட்டதான் வாங்கணும், வெளியில இருந்து ஒரு பார் ஐஸ் கூட உள்ள வரக் கூடாதுன்னு நிபந்தனை போட்டா அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அதை மறக்காம கேளுங்க. டீசலுக்கும் அதே மாதிரி.

---

வழக்குரைஞர், தக்கலை

அக்கா, சட்டப் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன்.

ஊர்க் கமிட்டியில் கை தூக்குவதற்குச் சட்டப்படி பெரிய மதிப்பு இல்லை. ஆனால் பின்னால் "ஊர் சம்மதித்தது" என்று காட்ட அந்தத் தீர்மான நோட்டு உதவும். அதனால் கேள்விகளும் நோட்டில் ஏற வேண்டும், பதில் வந்த பிறகுதான் தீர்மானம் என்று எழுதச் சொல்லுங்கள்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஆண்டுக்கு 10,000 டன்னும் அதற்கு மேலும் மீன் கையாளும் துறைமுகத்துக்கு முன் அனுமதி வேண்டும். சின்ன இறங்குதளம் என்று கணக்குக் காட்டினால் அந்த நடைமுறைக்கு வெளியே போய்விடும். ஆகவே எத்தனை டன் என்று காகிதத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால், 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டும். அறிக்கைச் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். பேசியது முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். கூட்ட முடிவில் நடந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு அதற்குக் கிடையாது. நீங்கள் பத்துப் பேர் போனாலும் கூட்டம் செல்லும், போகாவிட்டாலும் செல்லும். அதனால் போயே ஆக வேண்டும். இது தவிர கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் கீழும் அனுமதி தேவைப்படும். ஓட்டல் வரும் இடம் அதற்கான கடற்கரை வரைபடத்தில் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வள்ளம் ஏற்றும் இடமும் வலை காயப்போடும் இடமும் அதே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறிக்காத இடம் நாளைக்கு வெறும் புறம்போக்கு.

வரைவு ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். வணிக ரகசியம் என்று மறுக்கப் பார்ப்பார்கள். பொது நலன் பெரிது என்று மேல்முறையீடு செய்ய இடம் உண்டு. மனுவை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

2016-இல் இனயத்தில் பெரிய துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தபோது என்ன நடந்தது, பிறகு அது கோவளம்–கீழமணக்குடி பக்கம் மாறியபோது என்ன நடந்தது என்பதெல்லாம் நம் மாவட்டத்துக்குத் தெரியும். அப்போது செய்தியை ஊர்க்காரர்கள் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். உங்களிடம் முன்னதாகவே வந்து ஃப்ளெக்ஸ் விரித்திருக்கிறார்கள் என்றால் அது நல்ல தொடக்கம்தான். அந்த முன்கூட்டிய நேரத்தை வீணாக்காதீர்கள்.

---

கடியல்காற்று

எல்லாருக்கும் நன்றி. தங்கல்கார அண்ணன் எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பேசாம எந்திச்சு வெளிய போய்க் கடலைப் பாத்துட்டு நின்னார். ராத்திரி சாப்பிடும்போது, "தெக்க இருந்து கல்லு போட்டா ஆடியில வாய்லதான் மடங்கும், படத்துல சுவரு தப்பா இருக்கு"ன்னார். ஃப்ளெக்ஸ் படத்தை என் போன்ல வாங்கி விரலால அந்த இடத்தைக் காட்டினார். ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டார்.

நேத்து காலையில ஆறு பேரா முட்டம் போய்ட்டு வந்தோம். கேட்டதெல்லாம் ஒரு நோட்டுல எழுதியிருக்கேன், அதை இங்க போடுறதை விட கூட்டத்துல வாசிக்கிறதுதான் முறை.

ஐஸ் பத்தி எழுதின அண்ணாச்சி சொன்னது எங்க அம்மைக்கு ரொம்பப் பிடிச்சுது. ஐஸ் இல்லாம வீணாப் போன நெத்திலியை அவதான் குழி தோண்டிப் புதைச்சிருக்கா.

ஒரு உதவி வேணும் பொறியாளர் ஐயா. அட்டவணையில ஏறாதது செல்லாதுன்னு சொன்னீங்கல்ல. இன்னைக்கு விடியக் காலம அம்மையும் கூட்டாளிங்களும் உக்கார்ற இடத்தைக் கையால அளந்து பாத்தாங்க. சருவம், மீன் கொட்டுற தார்ப்பாய், ஐஸ்பெட்டி, உக்கார்ற பலகை, எல்லாம் சேந்து ஒரு ஆளுக்கு நாலு முழம் நீளம், மூணு முழம் அகலம். எங்க ஊர்ல மொத்தம் முப்பத்திரெண்டு பேரு. பேரெல்லாம் எழுதி, கையெழுத்துப் போடத் தெரியாதவங்க கிட்ட கைநாட்டு வாங்கிட்டேன். இதை மீட்டர் கணக்குக்கு மாத்தி, ஏலக்கூடத்துக்குப் பக்கத்துல எப்படி வரும்னு ஒரு காகிதத்துல வரைஞ்சு தருவீங்களா? சனிக்கிழமைக்குள்ள கிடைச்சா நகல் எடுத்துருவேன்.

---

பழைய பொறியாளர், நாகர்கோவில்

வரைந்து தருகிறேன். நாலு முழம் ஏறத்தாழ 1.8 மீட்டர், மூணு முழம் 1.35 மீட்டர். ஆளுக்கு இரண்டரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, முப்பத்திரண்டு பேருக்கு நடைபாதை சேர்த்து 130 சதுர மீட்டர் என்று போடுகிறேன். கூரை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை, கழிவுநீர் போக வடிகால் எல்லாம் அதில் காட்ட வேண்டும். காலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும், பஸ் ஸ்டாப்புக்கு எந்த வழியாக ஓடுவார்கள் என்று அம்மாவிடம் கேட்டு இன்று இரவுக்குள் எழுதுங்கள். வாசலை அந்தப் பக்கம் வைக்கிறேன். அப்பா விரலால் காட்டிய இடத்தையும் அந்தப் படத்தில் பேனாவால் குறித்து அனுப்புங்கள்.